இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு அடி

பிப்ரவரி 13, திங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று மாலை ஒன்றரை மணி நேரம் உன்னை மேடையில் பார்த்துக்கொண்டிருந்தேன்; நலமாகத்தான் இருந்தாய். கறுப்பு உடை பொருத்தமாக இருந்தது. வலது தோள் தையலில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டிவிடு.

டிக்கெட்டுக்கு நன்றி. நாலாவது வரிசை, நடு நாற்காலி. உன் மாமனாரின் பழைய பைனாகுலரையும் எடுத்து வந்திருந்ததால் புல்லாங்குழல்காரரின் மீசையில் நரை எத்தனை என்பது வரை தெரிந்தது. முடிந்ததும் உன்னைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன் என்று வருந்தியிருப்பாய். ஆறரை மணி ரயிலை விட்டால் அடுத்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. மேலும், அந்த முன்கூடத்தில் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் மனிதர்கள் பேச முடியாது.

நம் கப்பல்காரன் போன கடிதத்தில், "கச்சேரி எப்படி இருந்ததுன்னு அவளுக்கு விவரமா எழுதும்மா" என்று கேட்டிருந்தான். பெற்ற பிள்ளை நடுக்கடலிலிருந்து கேட்கும்போது மறுக்க முடியுமா? எழுதுகிறேன்.

முதலில் கேட்க வந்தவர்களைப் பற்றி. எனக்கு இடது பக்கத்தில் ஒரு பெண்மணி. முதல் பாகம் முடிவதற்குள் மூன்று மிட்டாய் பிரித்தாள். வலது பக்கத்தில் கட்டுமஸ்தான ஓர் ஆள், ஏதோ பட்டறை வைத்திருப்பவர்போல் நகத்தில் கிரீஸ். இரண்டாம் பாகம் தொடங்கிய நிமிடத்திலிருந்து தலையணை உறை அளவு கைக்குட்டையை எடுத்து அழ ஆரம்பித்துவிட்டார். அழுகை வந்தால் வெளியே போய் அழுதுவிட்டு வர வேண்டும். ஆனாலும் அவரை மன்னித்துவிட்டேன், ஏனென்றால் சரியான இடத்தில் அழுதார். மன்னிக்க முடியாதவன் முன் வரிசைக்காரன். மூன்றாம் பாகம் முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினான்! அவனைப் பார்த்து இன்னும் நாற்பது பேர். நான் அவன் தோளைத் தட்டி, "தம்பி, இன்னும் ஒரு பாகம் பாக்கி இருக்கு" என்றேன். திரும்பி ஏதோ சொன்னான். நான் காது கொடுக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு முன்னால் சிம்பொனி வாசிப்பது செவிடன் காதில் சங்கு ஊதுவதுதான்.

வாசிப்பு நன்றாக இருந்தது. செல்லோக்காரர்கள் எட்டுப் பேரின் வில்லும் ஒரே கையால் இழுத்ததுபோல் இறங்கின. ஹார்ன் வாசித்தவர் தனி இடத்துக்கு முன் இரண்டு தடவை உதட்டைத் துடைத்தார்; பயந்தவர். உங்கள் இசை நடத்துனர் கடைசிப் பாகத்தில் தேவைக்கு மேல் குதிக்கிறார்.

இனி முக்கியமான விஷயம். இந்த சிம்பொனியின் இசைத்தட்டு நம் வீட்டில் இருப்பது உனக்குத் தெரியும். முப்பது வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் உன் மாமனார் அதைப் போடுவார். இரண்டாம் பாகத்தின் பாதியில் ஒரு கீறல். அங்கே ஊசி மாட்டிக்கொண்டு அதே இடத்தையே சுற்றும். அவர் எழுந்து போய் விரலால் லேசாகத் தள்ளிவிட்டு வந்து உட்காருவார். பாகத்தின் முடிவில் வயலின்கள் எல்லாம் மெலிந்து மெலிந்து, ஒன்றுமே இல்லை என்னும் இடத்தில், முக்கோணக் கம்பியில் அந்த ஒரு ட்ரையாங்கிள் அடி. மொத்த சிம்பொனியிலும் அது ஒன்றுதான். அதற்கு அவர் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

நேற்று உன் கை உயர்ந்தது, ஒரு கணம் நின்றது, இறங்கியது. கண்ணாடித் தம்ளரில் கரண்டி பட்டதுபோல் அந்த அடி தெளிவாக விழுந்தது. நான் விரலை உயர்த்தினேன்.

ஆறு வருஷத்துக்கு முன், உங்கள் கல்யாணப் பேச்சு நடந்த அன்று, "ரெண்டு மணி நேரம் சும்மா நின்னு ஒரு தட்டு தட்டுறதுக்குப் பேரு வேலையா?" என்று உன் அம்மா முன்னால் கேட்டேன். நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்காதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் மெமோ கொடுப்பார்கள். நான் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. எனக்குப் போதும். மரியாதையுள்ளவர்கள் கடிதம் எழுதுகிறார்கள்.

வாசல் அழைப்பு மணி மறுபடியும் கெட்டுவிட்டது. எலக்ட்ரீஷியன் மூன்றாம் தடவை வந்து, "நல்லாத்தான் இருக்கும்மா" என்கிறான். நன்றாக இருந்தால் தபால்காரர் ஏன் கதவைக் குத்த வேண்டும்?

இப்படிக்கு,
உன் மாமியார்


பிப்ரவரி 17, வெள்ளி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. ஒத்திகைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே படித்தேன். படித்திருக்கக் கூடாது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

அத்தை, நீங்கள் நேராகவே திட்டியிருக்கலாம். நீங்கள் திட்டி எனக்குப் பழக்கம்தான். நான் வைத்த ரசத்தை, மடித்த போர்வையை, ஒட்டிய தபால்தலையை (கோணலாம்) எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு தடவைகூட நான் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் இப்படிப் பாராட்டுவதுபோல் குத்தியது இதுவே முதல் தடவை. "கண்ணாடித் தம்ளரில் கரண்டி பட்டதுபோல்." எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறீர்கள்!

அந்த அடி விழவே இல்லை. உங்களுக்குத் தெரியாதா என்ன? நாலாவது வரிசையில் அல்லவா இருந்தீர்கள்?

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்துக்கு முன் எனக்கு நூற்று எண்பத்தாறு தாளக்கட்டுகள் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்று மற்றவர்கள் சொல்வார்கள். எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். விரல்களைத் தொடையில் வைத்துப் பத்துப் பத்தாக எண்ணுவேன். நூற்று நாற்பது தாண்டியபோது மேடை விளக்கு உங்கள் பைனாகுலர் கண்ணாடியில் பட்டு மின்னியது. அது நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சு நடந்த அன்று பார்த்த அதே பார்வை என்று தோன்றியது. அவ்வளவுதான், எண்ணிக்கை போய்விட்டது. நூற்று ஐம்பத்திரண்டா, அறுபத்திரண்டா என்று தெரியவில்லை. பக்கத்தில் பெரிய முரசு வாசிக்கும் டிம்பனி அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு அந்தப் பாகத்தில் வேலை இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நடத்துனர் என் பக்கம் திரும்பியபோது கையை உயர்த்தினேன். இப்போதா, இல்லையா என்று ஒரு நொடி நின்றேன். இறக்கும்போதே தாமதம் என்று தெரிந்துவிட்டது. கம்பியைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திவிட்டேன். கை வந்தது, சத்தம் வரவில்லை.

முடிந்த பிறகு பக்கவாசலில் இரண்டு காபிக் கோப்பைகளோடு அரை மணி நேரம் நின்றேன். நீங்கள் வந்து, "எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று கேட்பீர்கள், "ஆமாம் அத்தை" என்று சொல்லலாம் என்று நின்றேன். நீங்கள் வரவில்லை. இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

நடத்துனர் என்னைக் கூப்பிட்டு ஒன்றுதான் சொன்னார்: "மார்ச் இருபத்தாறு மறுபடியும் வாசிக்கிறோம். அன்னைக்கு அடிச்சிருங்க." அவர்கூடக் குத்தவில்லை.

தோளில் தொங்கிய நூலை வெட்டவில்லை. மன்னியுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்


பிப்ரவரி 20, திங்கள்

மருமகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு, இரண்டாம் முறை எழுத்துப்பிழைக்காக. ஒன்றே ஒன்று இருந்தது. கோபத்தில் எழுதியதற்கு அது குறைவு.

எனக்குக் குத்திப் பேச வராது. குத்திப் பேசுகிறவர்கள் பயந்தவர்கள்; சொல்ல வேண்டியதைச் சொல்லவும் வேண்டும், சொல்லவில்லை என்று தப்பிக்கவும் வேண்டும் அவர்களுக்கு. கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான். பொய் சொன்ன பிள்ளையை எங்கள் பியானோ சிஸ்டர் ஒரு வாரம் பாட்டு வகுப்பில் வாயைத் திறக்க விடமாட்டார். பொய்யும் புகழ்ச்சியும் ஒரே குடும்பம் என்பார். அந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஒருவரிடம் பேசிய பேச்சைத் திரும்பப் பெறுவது எனக்கு அவ்வளவு எளிது என்று நினைக்கிறாயா? உன் மாமனாரிடமே இரண்டு தடவைதான் பெற்றிருக்கிறேன்.

நீ அடித்தாய். நான் கேட்டேன். நான் கேட்டது போதாது என்றால் இத்துடன் பத்திரிகைத் துண்டை இணைத்திருக்கிறேன், பார். சிவப்புக் கோடு நான் போட்டது. "இரண்டாம் பாகத்தின் இறுதியில் ட்ரையாங்கிளின் ஒற்றை ஒலி பனித்துளிபோல் உதிர்ந்தது." பனித்துளி உதிராது, உருளும், அதை விட்டுவிடு. அடி விழுந்ததா இல்லையா? விமர்சகரும் நானும் சேர்ந்து கனவு கண்டோமா?

என் காதைப் பற்றி உனக்குத் தெரியாது. எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பாம்புக்காது என்று பெயர். பெரிய டாக்டர் ஒருவர் லைன் கேட்பார். ஹலோ சொல்வதற்கு முன் அவர் மூச்சு இழுப்பதைக் கேட்டே, "வணக்கம் டாக்டர்" என்பேன். மறுமுனையில் ஆள் இல்லாத போன் அடிப்பதற்கும் ஆள் இருந்து எடுக்காத போன் அடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு, எனக்குத் தெரியும். உன் மாமனார் ஆபீசிலிருந்து போன் பண்ணி, "சாயங்காலம் கொஞ்சம் லேட்டாகும்" என்றால், கொஞ்சமா நிறையவா என்று குரலிலேயே சொல்வேன். காதைக் கொண்டு பிழைத்தவள். நான் கேட்டேன் என்றால் கேட்டேன்.

உனக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்லட்டுமா? திட்டு வாங்கியே பழகியவர்களுக்குப் பாராட்டு செரிக்காது. அடிக்காததை அடித்தேன் என்று சாதிப்பவர்களை எல்லா ஆபீசிலும் பார்த்திருக்கிறேன். அடித்ததை அடிக்கவில்லை என்று அழுபவளை இப்போதுதான் பார்க்கிறேன். உன் கை இறங்கியதை இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன்.

இது பற்றி இனி எழுத எனக்கு எதுவும் இல்லை.

உன் மாமியார்


பிப்ரவரி 25, சனி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் மன்னிப்பு. நீங்கள் குத்தவில்லை. குத்தியதாக நினைத்தது என் சிறுபுத்தி. நீங்கள் உண்மையாகவே பாராட்டியிருக்கிறீர்கள் என்று புரிந்த நிமிடம், ஒத்திகை அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டிம்பனி அண்ணன், "என்னம்மா, ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இல்லண்ணே, மாமியார் பாராட்டி எழுதியிருக்காங்க" என்றேன். "அப்ப நெசமாவே உக்காரத்தான் வேணும்" என்றார்.

அந்தப் பாராட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாளும் நினைத்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை கிடைத்தது. "ஆமாம் அத்தை, அடித்தேன்" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. நமக்குள் எல்லாம் சரியாகிவிடும். அவருக்கும் கப்பலில் நிம்மதியாகத் தூக்கம் வரும். ஆனால் பொய்யும் புகழ்ச்சியும் ஒரே குடும்பம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அந்த விமர்சகர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, அத்தை. அதற்கு முந்தின நாள் ஒத்திகைக்கு வந்தார். ஒத்திகையில் நான் சரியாக அடித்தேன். அவர் எழுதியது அதை.

ஞாயிறு வந்தவர்கள் எழுதிக்கொடுத்த கருத்துச் சீட்டுகள் எங்கள் ஆபீசில் இருக்கின்றன. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சீட்டு வைப்போம், உங்கள் நாற்காலியிலும் இருந்திருக்கும். மேலாளரிடம் கேட்டு எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலும் நாற்காலி முதுகைப் பற்றியும் கழிப்பறை வரிசையைப் பற்றியும். ஒருவர், "இரண்டாம் பாகத்தில் என் அண்ணன் ஞாபகம் வந்தது, அவனிடம் நாளையே பேசப்போகிறேன்" என்று கிரீஸ் விரல் ரேகையோடு எழுதியிருக்கிறார். உங்கள் வலது பக்கத்துக்காரர் என்று நினைக்கிறேன். ஓர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், "இரண்டாம் பாகத்தை இசையமைப்பாளர் முழு மௌனத்தில் முடித்திருக்கிறாரே, என்ன மேதை!" என்று எழுதியிருக்கிறார். அந்த மௌனம் என்னுடையது. இன்னொருவர் நேராகவே கேட்டிருக்கிறார்: "முக்கோணக் கம்பியோடு நின்ற பெண் எதற்கு?"

உங்கள் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வில் இறங்கியது, உதட்டைத் துடைத்தார், குதிக்கிறார், மிட்டாய் பிரித்தாள், ஏதோ சொன்னான். எல்லாம் கண்ணால் பார்த்தவை, அத்தை. என் கை இறங்கியதையும் பார்த்தீர்கள். சத்தத்தை மாமாவின் இசைத்தட்டிலிருந்து நீங்களே போட்டுக்கொண்டீர்கள்.

போன தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது குக்கர் ஏழு விசில் அடித்தது. நீங்கள் பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஓடி வந்து அணைத்ததும், "யோசனையில் இருந்தேன்" என்றீர்கள். அழைப்பு மணி கெடவில்லை. போனை நீங்கள் வெறுக்கவும் இல்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை, நீங்களாகச் சொல்லும் வரை சொல்லமாட்டேன். என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. மரியாதைக் குறைவாக எதுவும் நினைக்கவில்லை என்பதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் பாராட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அது எனக்கு வேண்டும். ஆனால் அடித்த அடிக்கு வேண்டும்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 15, புதன்

அன்புள்ள அத்தைக்கு,

பதினெட்டு நாளாக உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரித்துக் காட்டுகிறார். உங்கள் பிள்ளையும் கப்பலிலிருந்து, "அம்மா லெட்டர் போட்டாங்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். வேலை அதிகம் போல என்று பதில் எழுதினேன். உங்களுக்கு என்ன வேலை என்று அவர் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இத்துடன் இருபத்தாறாம் தேதி டிக்கெட். அதே நாலாவது வரிசை, அதே நடு நாற்காலி. பைனாகுலரையும் எடுத்து வாருங்கள். இந்தத் தடவை அதற்கு நான் பயப்படப்போவதில்லை என்று டிம்பனி அண்ணனிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

வர விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம். நாற்காலி உங்களுடையதாகவே இருக்கும். வேறு யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை.

மருமகள்


மார்ச் 27, திங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு நான் மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் கிழித்துப்போட்டேன். முதலாவதில் "உன் வயது என்ன, என் வயது என்ன" என்று தொடங்கியிருந்தேன். அப்படித் தொடங்குபவர்களிடம் சொல்ல வேறு சரக்கு இருக்காது என்பது என் அனுபவம். அதனால் எழுதுவதை நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டு இசைத்தட்டை எடுத்தேன். உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் எடுத்தேன், ஒளிப்பானேன். தட்டைப் போட்டு, ஊசியை இரண்டாம் பாகத்தில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். செல்லோ தொடங்கியது. ஹார்ன் வந்தது. வயலின்கள் ஏறி, இறங்கி, மெலிந்தன. எல்லாம் கேட்டேன். கடைசியில் அந்த அடி. கண்ணாடித் தம்ளரில் கரண்டி. விரலை உயர்த்திவிட்டு, உனக்கு என்ன பதில் எழுதலாம் என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் திறந்து திரும்பினேன்.

ஊசி கீறலில் மாட்டிக்கொண்டு நின்றது. அதே இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தள்ளிவிட வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அது எப்போதும் உன் மாமனாருடைய வேலை. தட்டு பாதியைத் தாண்டவே இல்லை. நான் கேட்ட மீதிப் பாதி என் தலைக்குள்தான் இருந்தது.

ரொம்ப நேரம் அந்தத் தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு விரலால் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காது டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், உன்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். அலமாரி மாதிரி ஒரு அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். ஹெட்போன் மாட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. நான் பரீட்சையில் தோற்றவள் அல்ல. ஆனால் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் அவள் காட்டிய தாளில் கோடு மாடிப்படியில் உருண்டு விழுந்ததுபோல் கீழே போயிருந்தது. மேல் சுரங்கள் எல்லாம் போய்விட்டன. மணி, விசில், ட்ரையாங்கிள்.

"எத்தனை வருஷமாம்மா இப்படி?" என்று கேட்டாள். அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"ரெண்டு வருஷம்" என்றேன்.

அதை நான் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. உனக்குத் தெரிய வேண்டும்: எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும், ஆனால் தெரியாது. பாம்புக்காது என்று பெயர் வாங்கியவள் மெமோ வாங்க விரும்பவில்லை, அவ்வளவுதான். செவிடன், சங்கு என்ற அந்தப் பழமொழியை இனி நான் எழுதமாட்டேன்.

இப்போது இரண்டு காதுக்குப் பின்னாலும் பட்டாணி அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் இவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் உறுமுகிறது. என் செருப்பு என்னைத் துரத்துகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மணியை ஒரு தடவை அமுக்கச் சொன்னேன். துள்ளிக் குதித்துவிட்டேன். "நல்லாத்தான் இருக்குன்னு மூணு தடவை சொன்னேனேம்மா" என்றான். அவனிடமும் பேச்சைத் திரும்பப் பெற்றேன். இந்த வருஷம் இதுவே வேலையாகிவிட்டது. கப்பல்காரனுக்கும் எழுதிவிட்டேன், நீ இனி அவனிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

நேற்று வந்தேன்.

நாலாவது வரிசை நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து நீ முகத்தைத் தொங்கப்போட்டாய். பார்த்தேன். மாடியில் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். வரிசையில் நின்று என் டிக்கெட்டை நானே வாங்கினேன். போன தடவை நாலாவது வரிசையில் உட்கார்ந்து என்ன செய்தேன் என்று நீ எழுதியிருந்தாய்; இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. முதல் பாகம் முடிந்ததும் பைனாகுலரைப் பைக்குள் போட்டுப் பையை மூடிவிட்டேன். அதற்கு முன் உன் தோளைப் பார்த்தேன். அந்த நூல் இன்னும் தொங்குகிறது. நீளமாகியிருக்கிறது.

மாடியில் உட்காருபவர்கள் வேறு மாதிரி. ஒரு ஜோடி கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. யாரோ மிட்டாய்த் தாள் பிரித்தார்கள். கடவுளே, மிட்டாய்த் தாளுக்கு இவ்வளவு சத்தமா! எனக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர், பழைய தபால்காரர் என்று பிறகு சொன்னார். இரண்டாம் பாகம் தொடங்கியதும் நானும் உன்னோடு எண்ண ஆரம்பித்தேன். தொடையில் விரலை வைத்துப் பத்துப் பத்தாக. அதைச் சும்மா நிற்பது என்று சொன்னவள் நான். நூறைத் தாண்டும்போது நெற்றி வியர்த்துவிட்டது. ஒரு தடவை இருமல் வந்தது, விழுங்கிவிட்டேன். நூற்று எண்பதில் கண்ணை மூடிக்கொண்டேன். விரலை உயர்த்தத் தயாராக வைத்துக்கொண்டேன்.

உயர்த்துவதற்கு முன்னால் விழுந்துவிட்டது.

கண்ணாடித் தம்ளரும் இல்லை, கரண்டியும் இல்லை. நான் எழுதியது தவறான உவமை. இரண்டு வருஷமாக என் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது அவருடைய இசைத்தட்டின் அடி, தேய்ந்தது, சின்னது. நேற்று விழுந்தது வேறு. அது மாடி வரை வந்து, தூணைத் தொட்டு, என்னைத் தாண்டிப் போய், பின் சுவரில் கொஞ்ச நேரம் நின்றது. பழைய தபால்காரர் என் பக்கம் கைக்குட்டையை நீட்டினார். எனக்கு எதற்கு நீட்டினார் என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

இனி என் கருத்து. ஒரு மயிரிழை முந்திவிட்டாய். போன தடவை தவறவிட்ட பயத்தில் அவசரப்பட்டிருக்கிறாய். வயலின்கள் முழுவதும் அடங்கிய பிறகு ஒரு மூச்சு விட்டு அடிக்க வேண்டும். அடுத்த தடவை சரிசெய்துகொள். அடி நன்றாக இருந்தது. இதைக் காதால் கேட்டு எழுதுகிறேன். இதைத் திருப்பி அனுப்பாதே.

மூன்றாம் பாகம் முடிந்ததும் மாடியில் பாதிப் பேர் கை தட்டினார்கள். என் கையும் தட்டிக்கொண்டிருந்ததைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன். இதை யாரிடமும் சொல்லாதே.

பக்கவாசல் வரை வந்தேன். நீ அங்கே இரண்டு கோப்பையோடு நின்றிருந்தாய். ஆனால் அந்தக் கூட்ட இரைச்சல் இந்தப் பட்டாணிகளுக்குள் புகுந்து மண்டையை உடைத்தது; பழகச் சில வாரங்கள் ஆகும் என்று அந்த டாக்டர் பெண் எச்சரித்திருந்தாள். உன்னோடு முதல் தடவையாக ஒழுங்காகப் பேசுவதை அந்த இரைச்சலில் வீணாக்க எனக்கு மனமில்லை. திரும்பிவிட்டேன். இரண்டு காபியையும் நீயே குடித்திருப்பாய், தூக்கம் வந்திருக்காது. அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய். மூன்றாவது மணிக்குள் எடுக்கிறேன். எடுத்ததும் பழக்கதோஷத்தில், "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்டுவிட்டால் சிரிக்காதே.

சிரித்தால் எனக்குக் கேட்கும்.

அன்புடன்,
அத்தை